நாவல் எழுதும் முன் கதைப்போக்கையும் மாந்தரையும் திட்டமிடுவது எப்படி? தனுஷ்கோடி 1964-ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நாவல் எழுதத் தொடங்கிய பலர் நான்காவது அல்லது ஐந்தாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு மொழி வசப்படாமல் இல்லை. சொல்வதற்கு வாழ்க்கையும் இருக்கிறது. மனத்தில் இருந்த நிகழ்ச்சிகள் தீர்ந்த பிறகு அடுத்து யார் என்ன செய்வார் என்று முடிவு செய்ய அவர்களிடம் எந்த அடிப்படையும் இருப்பதில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஒரு மனிதருக்கு என்ன வேண்டும், அவர் எதற்கு அஞ்சுகிறார், எதை மறைக்கிறார் என்பவற்றை முதலில் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்திலிருந்தே நிகழ்ச்சிகள் பிறக்கும்படி செய்வதைத்தான் இந்தக் கட்டுரையில் திட்டமிடல் என்று குறிப்பிடுகிறேன்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இது விளங்காது. ஆகவே, 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைக் களமாகக் கொண்ட ஒரு நாவலைத் தொடக்கம் முதல் இங்கே திட்டமிட்டுக் காட்டுகிறேன். ஊரும் புயலும் ரயிலும் வரலாறு. மாந்தர் அனைவரும் கற்பனை.

முதற்படி: நிலம், பொழுது, வாழ்க்கை

நமக்குத் தொல்காப்பியம் கொடுத்திருக்கும் முதல், கரு, உரி என்ற பகுப்பு இன்றைய நாவலாசிரியருக்கும் அப்படியே பயன்படுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் முதலியவை கருப்பொருள். அங்கே வாழ்பவர்களின் உள்ளத்து உணர்வு உரிப்பொருள். தனுஷ்கோடி நெய்தல் நிலம். நெய்தலுக்கு உரியது இரங்கல்: கடல் கடந்து போனவரை எண்ணிக் கரையில் இருப்பவர் வருந்துவது. நாவலின் மைய உணர்வை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு நிலமே இப்படி ஒரு விடையைத் தந்துவிடுகிறது.

ஒரு தாளில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். முதற்பொருள்: பாம்பன் தீவின் தென்கிழக்கு நுனியில், ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ்ந்த ஒடுங்கிய மணல் திட்டு. பொழுது மார்கழி, வாடைக்காற்றுக் காலம். புயல் அடித்தது டிசம்பர் 22-ஆம் தேதி செவ்வாய் இரவு. பௌர்ணமி கழிந்து மூன்று நாள், கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள். கருப்பொருள்: சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயில், தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பல், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம், மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்று நீர், கருவாடு, வலை. கடலோடிகள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். மாந்தரின் பேச்சில் அது பின்னால் தானாக வந்து அமரும்.

இந்தத் தாள் முழுமையடைய வாரங்கள் ஆகலாம். பழைய நாளிதழ்களையும் அரசு ஆவணங்களையும் சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய இடங்களில் தேடலாம். ஆனால் எல்லாத் தகவலும் கிடைத்த பிறகுதான் அடுத்த படி என்று காத்திருக்க வேண்டாம். எந்தத் தகவல் தேவை என்பதை உங்கள் மாந்தர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: மையப் பாத்திரத்தின் தேவை, அச்சம், மறைவு

திட்டமிடலில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பாத்திரத்துக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த பலகாரம் எது என்று நூறு கேள்விகள் கொண்ட படிவங்களைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அவற்றை நிரப்பும்போது வேலை நடப்பதுபோல் தோன்றும். கதை ஓரடியும் நகராது. என் பார்வையில் நான்கு கேள்விகள் போதும். அவருக்கு வெளிப்படையாக என்ன வேண்டும்? உள்ளூர எதற்கு அஞ்சுகிறார்? யாரிடமிருந்து எதை மறைக்கிறார்? எதைச் செய்யவே மாட்டேன் என்று இருக்கிறார்?

நம் நாவலின் மையப் பாத்திரம் சவரியம்மாள். வயது 38. ரயில் நிலையத்துக்கு அருகே இடியாப்பமும் தேநீரும் விற்கும் சிறு கடை வைத்திருக்கிறாள். கணவன் அந்தோணி 1956-இல் பிழைப்புக்காக இலங்கைக்குப் போனவன் திரும்பவில்லை. மகன் ஆரோக்கியத்துக்கு 17 வயது; கப்பல் துறையில் சுமை தூக்குகிறான்; தந்தையைத் தேடி அக்கரை போக வேண்டும் என்று துடிக்கிறான்.

இதுவரை எழுதியது சூழ்நிலை மட்டுமே. இப்போது நான்கு கேள்விகளையும் கேட்போம். அவளுக்கு வெளிப்படையாக வேண்டியது, மகன் கடல் கடக்கக் கூடாது. அவள் மறைப்பது, 1961-இல் கணவனிடமிருந்து வந்த ஒரு கடிதம். தேயிலைத் தோட்டப் பகுதியில் வேறொரு குடும்பத்தோடு வாழ்வதாக அதில் அவன் எழுதியிருக்கிறான். சவரியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் பாம்பனில் இருக்கும் அக்கா லூர்துதான் அதைப் படித்துக் காட்டினாள். மகனிடம் “உங்க அப்பாவைப் பத்தி ஒரு தகவலும் இல்லை” என்றே சொல்லிவருகிறாள். அவளுடைய அச்சம், கணவன் இறந்திருப்பானோ என்பதன்று. உயிரோடு இருக்கிறான் என்பது மகனுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான். அவள் செய்யவே மாட்டேன் என்று இருப்பது படகில் ஏறுவது.

சூழ்நிலைக்கும் கதைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். கடிதம் இல்லாத சவரியம்மாள் துன்பப்படுபவள் மட்டுமே. வாசகர் அவளுக்காக இரங்குவார், அவ்வளவுதான். கடிதத்தை மறைத்தவுடன் அவள் செயல்படுபவளாக மாறுகிறாள். தினமும் ஒரு பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பயணியும் அவளுக்கு ஆபத்து. அவள் எதைச் செய்தாலும் அதற்கு விளைவு உண்டு. உங்கள் மையப் பாத்திரம் பிறரால் துன்புறுத்தப்படுபவராக மட்டும் இருந்தால், அவர் செய்த ஒரு காரியத்தை, முடிந்தால் அன்பினால் செய்த ஒரு தவறை, கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கண்டுபிடித்தபின் ஒரு பயிற்சி செய்யலாம். அந்தப் பாத்திரம் தனியாக இருக்கும் ஒரு கால் மணி நேரத்தை எழுதுங்கள்; நாவலில் அது இடம்பெற வேண்டியதில்லை. சவரியம்மாள் கடை மூடிய பிறகு அரிசிப் பானையின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்து, படிக்கத் தெரியாத எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, அக்கா ஒரே ஒரு முறை வாசித்துக் காட்டிய முகவரியை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லிப் பார்க்கிறாள். இப்படி எழுதும்போதுதான் அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம் என்பது எழுதுபவருக்கே தெரியவரும். நாவலின் கடைசிப் பகுதி இந்த ஒரு விவரத்தின்மேல் நிற்கப்போகிறது.

மூன்றாம் படி: துணை மாந்தர்

மையப் பாத்திரத்தின் சிக்கலை வேறு வேறு பக்கங்களிலிருந்து அழுத்துவதற்கே துணை மாந்தர் வேண்டும். ஊர் நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காகப் பாத்திரங்களைச் சேர்த்தால், இருபதாம் அத்தியாயத்தில் அவர்களை என்ன செய்வது என்று திண்டாட நேரும். ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்வி: இவர் இல்லாவிட்டால் சவரியம்மாளுக்கு எது எளிதாகும்?

ஆரோக்கியம் இல்லாவிட்டால் பொய்யே தேவையில்லை. அக்கா லூர்து இல்லாவிட்டால் உண்மை தெரிந்தவர் வேறு எவரும் இல்லை. கணவனின் தம்பி சூசை படகு வைத்திருப்பவன். அண்ணன் உயிரோடு இருந்தால் அழைத்து வரலாம், இல்லையென்றால் கடை மனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுபவன். கடவுச்சீட்டு இல்லாத ஆரோக்கியத்தைக் கள்ளத்தோணியில் அக்கரை சேர்க்கக்கூடியவனும் அவனே. சூசையைக் கெட்டவனாக எழுதிவிடுவது எளிது. அதைத் தவிர்க்க, அவன் பக்கத்து நியாயத்தை அவன் வாயாலேயே பத்து வரி எழுதிப் பாருங்கள். அண்ணனைத் தேடுவதில் அவனுக்கும் உண்மையான ஏக்கம் இருந்தால்தான் ஆரோக்கியம் அவனை நம்புவதை வாசகர் நம்புவார்.

இவர்களோடு நிலைய ஊழியர் ஒருவர், பங்குத்தந்தை ஒருவர் எனச் சிலர் தேவைக்கு ஏற்ப வருவார்கள். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வரிக் குறிப்பு போதும்.

நான்காம் படி: காரணச் சங்கிலி

கதைப்போக்கைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இடையில் “பிறகு” என்ற சொல் வருகிறதா, “ஆகையால்” வருகிறதா, “ஆனால்” வருகிறதா என்று பாருங்கள். “பிறகு” மட்டுமே வரும் இடங்களில் கதை தளர்ந்திருக்கிறது.

வரலாற்றுப் பேரிடரை வைத்து எழுதும்போது இந்தச் சோதனை இன்னும் கடுமையாகிறது. புயல் யாருடைய செயலின் விளைவும் அன்று. அது வந்தது, ஊரை அழித்தது. புயலையே கதையின் திருப்பமாக வைத்தால், அதற்கு முன்னால் நீங்கள் எழுதிய இருநூறு பக்கங்களுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. புயல் தற்செயலாக வரலாம். அது வரும்போது யார் எங்கே நிற்கிறார் என்பது தற்செயலாக இருக்கக் கூடாது. இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

அந்த இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில், ஊரை எட்டும் முன்பே பேரலையில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆரோக்கியம் அந்த ரயிலில் ஏன் ஏற வேண்டும்? சங்கிலியைப் பின்னோக்கிக் கட்டுவோம்.

1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. இலங்கையில் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் செய்தி வருகிறது. ஆகையால், அந்தோணி அங்கே சேர்த்துக்கொண்ட குடும்பத்தோடு இங்கு வந்து இறங்கிவிடுவானோ என்று சவரியம்மாள் அஞ்சுகிறாள். அதே செய்தி ஆரோக்கியத்துக்கு நம்பிக்கை தருகிறது. அவன் சூசையோடு பேசி, கடல் அடங்கும் முதல் இரவில் கள்ளத்தோணியில் போக ஏற்பாடு செய்கிறான். அது அவள் காதுக்கு எட்டுகிறது. ஆகையால், கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு உதவி வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவனைப் பாம்பனுக்கு, லூர்து வீட்டுக்கு அனுப்புகிறாள். அனுப்புவதற்கு அவளுக்கு இருக்கும் ஒரே உறவு அக்காதான். ஆனால் உண்மை தெரிந்த ஒரே ஆளும் அக்காதான். அங்கே பையனின் ஏக்கத்தைக் காணப் பொறுக்காமல் லூர்து கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். ஆகையால் அவன் அன்றிரவே வீட்டை விட்டு வெளியேறி நிலையத்துக்குப் போகிறான்.

இப்போது மகனைக் காப்பாற்ற அவள் செய்த காரியமே அவனை ரயிலடிக்கு அனுப்பியிருக்கிறது. வரலாற்றில் எதையும் நாம் மாற்றவில்லை. ஆனாலும் புயல் அவளுடைய கதைக்குள் வந்துவிட்டது.

பிற்பாதிக்கும் இதே முறைதான். பாம்பன் நிலையத்தில் பாதை இரண்டு பக்கமும் போகிறது. ஆரோக்கியம் தாயிடம் நேரில் கேட்க தனுஷ்கோடி ரயிலில் ஏறினானா, அல்லது கோபத்தில் பாலம் கடந்து, பெருநிலத்தில் உள்ள மண்டபம் ஊர்ப் பக்கம் போய்விட்டானா? லூர்துக்குத் தெரியாது. ரயிலில் இருந்தவர்களின் எண்ணிக்கையே பல கணக்குகளாகச் சொல்லப்படுகிறது என்பதால் பட்டியலை வைத்தும் உறுதி செய்ய முடியாது. பாம்பன் பாலமும் சிதைந்துவிட்டது, ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது வரலாறு. அந்த 46 நாட்களே நாவலின் இரண்டாம் பாகம். இராமேஸ்வரத்தில் தங்கியிருக்கும் சவரியம்மாள், பாலம் சரியாகட்டும், மண்டபம் போய் விசாரிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கூர்மையான வாசகர் உடனே கேட்பார்: படகில் போகலாமே? திட்டமிடும்போதே இத்தகைய கேள்விகளை நீங்கள் கேட்டுவிட வேண்டும். விடையை மாந்தரின் இயல்பிலிருந்து எடுக்க வேண்டும். போகலாம், பலர் போகிறார்கள், சூசையே அழைக்கிறான். அவள் மறுக்கிறாள். போய்க் கேட்டுவிட்டால் மகன் அங்கே வரவில்லை என்பது உறுதியாகிவிடும். கடிதத்தைப் பானைக்குள் ஒளித்தவளும் பாலத்துக்காகக் காத்திருப்பவளும் ஒரே ஆள்: தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் அடைக்கலம் தேடுபவள். ஓட்டை என்று தோன்றிய இடம் பாத்திரத்தின் மையத்தைக் காட்டும் இடமாகிவிட்டது.

ஐந்தாம் படி: முடிவு

எழுதத் தொடங்கும் முன் முடிவு தெரிந்திருக்க வேண்டும். எழுத எழுத முடிவு தானே வரும் என்பாரும் உண்டு. சிறுகதைக்கு அது பொருந்தலாம், நாவலில் அது பல மாத உழைப்பைப் பணயம் வைப்பதாகும். குறைந்தது இரண்டு முடிவுகளைப் பத்துப் பத்து வரியில் எழுதி, எது முன்னால் நடந்தவற்றின் கணக்கைத் தீர்க்கிறது என்று பாருங்கள்.

மகன் மண்டபத்தில் உயிரோடு இருக்கிறான் என்ற முடிவு மகிழ்ச்சி தரும். ஆனால் சவரியம்மாள் எதையும் கடக்காமலேயே எல்லாம் கைக்கு வந்துவிடும். நான் தேர்வது மற்றதை. பாலம் முடிவதற்குச் சில நாட்கள் முன்னால் அவள் தானே சூசையின் படகில் ஏறுகிறாள். மண்டபத்தில் மகன் வரவில்லை என்பது உறுதியாகிறது. தன்னிடம் கேட்கத்தான் அவன் திரும்பி வந்தான் என்பதும் தெளிவாகிறது. கடிதம் கடலோடு போய்விட்டது, முகவரி மட்டும் மனத்தில் இருக்கிறது. லூர்தை உட்காரவைத்து, மகனின் மரணத்தைத் தெரிவிக்கும் கடிதத்தை அந்தோணிக்குச் சொல்லி எழுதவைக்கிறாள். மகன் பிழைத்தானா என்பதை வாசகரிடம் மறைத்து முடிப்பது நவீனமாகத் தோன்றலாம். ஆனால் தெரிந்துகொள்ளும் துணிவைப் பற்றிய நாவல் இறுதியில் விடையை ஒளிப்பது முறையாகாது.

ஆறாம் படி: இரண்டு காலக்கோடுகள்

ஒரு நீளமான தாளில் மேலே வரலாற்றையும் கீழே கதையையும் எழுதுங்கள். நேரு மறைந்தது 1964 மே 27. அதன்பின் சாஸ்திரி பிரதமர். மாநிலத்தின் பெயர் அப்போது மதராஸ். தமிழ்நாடு என்று மாறியது 1969-இல். நாணயம் 1957-லேயே பைசா முறைக்கு வந்துவிட்டாலும் மக்கள் பேச்சில் அணா ஓய்ந்துவிடவில்லை. புயலுக்குப் பிறகு போட் மெயில் இராமேஸ்வரத்தோடு நின்றது.

இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிழைகள் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒப்பந்தப்படி மக்கள் கப்பலில் வந்து இறங்குவதை 1964 டிசம்பரில் காட்டக் கூடாது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் ஆயின. அந்த மாதத்தில் இருந்தவை செய்தியும் வதந்தியும் அச்சமும் மட்டுமே. நம் கதைக்கு அதுவே போதும்.

ஏழாம் படி: யாருடைய பார்வை

சவரியம்மாளின் பார்வையில் மட்டும் எழுதினால் ரயிலுக்குள் நடந்ததைக் காட்ட முடியாது. எல்லாம் அறிந்த கூற்றாக எழுதினால் காட்டலாம். காட்டினால் பிற்பாதியின் கேள்வி அப்போதே அழிந்துவிடும். எனவே இந்த நாவலுக்கு அவளையொட்டியே நகரும் படர்க்கைக் கூற்றுதான் பொருத்தம். பேரலை ரயிலை மூடும் காட்சியை எழுதும் ஆசை எவருக்கும் வரும். அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பாம்பன் வீட்டில் லூர்து உண்மையைச் சொல்லும் காட்சியும் நேரடியாக வராது. பின்னால் லூர்து தங்கையிடம் ஒப்புக்கொள்ளும்போது வரும். அப்போது அந்தக் காட்சிக்கு இரட்டிப்பு வலிமை கிடைக்கிறது.

எட்டாம் படி: அத்தியாயப் பட்டியல்

40 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,800 சொற்கள் என்றால் 72,000 சொற்கள் ஆகும். நாளுக்கு 500 சொற்கள் எழுதுபவருக்கு முதல் வரைவு ஐந்து மாத வேலை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு அட்டையில் மூன்று வரி எழுதுங்கள்: யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடியும்போது எது மாறியிருக்கிறது. மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த அத்தியாயத்தைப் பக்கத்து அத்தியாயத்தோடு சேர்த்துவிடுங்கள்.

அத்தியாயம் 9-க்கான அட்டை இது. “கப்பலிலிருந்து இறங்கிய ஒருவர் கடையில் தேநீர் குடிக்கிறார். தோட்டப் பகுதியிலிருந்து வருவதாகச் சொல்கிறார். ஆரோக்கியம் தந்தையைப் பற்றி விசாரிக்க நெருங்குகிறான். சவரியம்மாள் ஊற்றில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அவனை அனுப்புகிறாள். குடம் நிறைந்திருப்பதை அவன் பார்த்துவிடுகிறான்.” மாற்றம் கடைசி வரியில் இருக்கிறது: மகனுக்கு முதல் ஐயம் தோன்றிவிட்டது.

ஒன்பதாம் படி: பேச்சு

ஒவ்வொருவரும் மற்றவரை எப்படி அழைக்கிறார் என்று ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். சூசை சவரியம்மாளை “மதினி” என்கிறான். மனைத் தகராறு முற்றும் நாளில் அந்தச் சொல்லைத் தவிர்த்து மொட்டையாகப் பேசுகிறான். படகில் ஏற்றிவிடும்போது மீண்டும் “மதினி” வருகிறது. அவர்களுடைய உறவு கெட்டதையும் திரும்பியதையும் சொல்ல வேறு விளக்கம் வேண்டியதில்லை. வட்டார வழக்கை எழுத்துக்கு எழுத்து படியெடுக்க முயல வேண்டாம். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களும் உறவுச் சொற்களும் சரியாக இருந்தால் மற்றவை எளிய பேச்சுத் தமிழில் இருக்கலாம்.

பத்தாம் படி: திட்டத்தை எப்போது நிறுத்துவது

சங்கிலியில் “பிறகு” இல்லாமல் போனதும், முடிவு தெரிந்ததும், முதல் பத்து அத்தியாயங்களின் அட்டைகள் முழுமையானதும் எழுதத் தொடங்கிவிடலாம். மீதி முப்பது அட்டைகளில் ஒற்றை வரி இருந்தால் போதும். தகவல் சேகரிப்பதை எழுதும் காலத்திலும் தொடரலாம். தேதி தெரியாத இடத்தில் ஒரு குறியிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

பத்து அத்தியாயங்கள் எழுதியபின் இரண்டாம் படியின் நான்கு விடைகளை மீண்டும் எடுத்துப் படியுங்கள். எழுதப்பட்ட பாத்திரம் அவற்றிலிருந்து விலகியிருந்தால், எழுதியதைத் திருத்துவதற்கு முன் விடைகளைத் திருத்த முடியுமா என்று பாருங்கள். பக்கத்தில் உயிர் பெற்ற ஆள் பெரும்பாலும் குறிப்பில் இருந்தவரைவிட உண்மையானவராக இருப்பார். விடை மாறினால் அதற்குப் பின்னால் வரும் அட்டைகளை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு, பதினோராம் அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.